சுவர் ஏன் சாய்கிறது? கிராமத்தைப் படமெடுப்போர் கேள்வி-பதில்

சிற்றூர்களின் கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் படமெடுக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

மாடி வீடு ஒன்றைத் தெருவில் நின்று எடுத்தேன். படத்தில் வீடு மேலே குறுகி, பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. லென்ஸில் கோளாறா?

லென்ஸ் நிரபராதி. கூரையும் வரவேண்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடித்திருப்பீர்கள். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் சுவருக்கு இணையாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும். கேமரா மேல்நோக்கிச் சாய்ந்ததும் சுவரின் மேற்பகுதி சென்சாருக்குத் தூரமாகிவிடுகிறது, தூரமானது சிறுக்கிறது.

கேமராவை நேராகப் பிடித்தபடி பின்னால் போவதுதான் முதல் வழி. வீட்டின் உயரம் 8 மீட்டர், கேமரா இருக்கும் உயரம் 1.5 மீட்டர், ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் 36×24 மி.மீ. உள்ளது) 24 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டப் படத்துக்குக் குறைந்தது 13 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் 9 மீட்டர் போதும். 50 மி.மீ. லென்ஸில் கிடைமட்டமாக எடுக்க 27 மீட்டர் வேண்டும். கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக வரும், பிறகு வெட்டிவிடலாம். எதிரே ஒரு மாடியோ மேடோ கிடைத்து, கட்டடத்தின் பாதி உயரத்தில், அதாவது 4 மீட்டரில் நிற்க முடிந்தால் அதே 24 மி.மீ. லென்ஸுக்கு 8 மீட்டர் தூரம் போதும், தரையும் வீணாகாது.

தெரு குறுகல் என்றால் ஷிஃப்ட் லென்ஸ் இருக்கிறது. கேமரா நேராகவே நிற்க, லென்ஸ் மட்டும் மேலே நகரும். விலை கையைக் கடிக்கும். அது இல்லாதவர்கள் மென்பொருளில் நிமிர்த்தலாம். அப்படிச் செய்யும்போது படத்தின் மேற்பகுதி அகலமாக இழுக்கப்பட்டு ஓரங்கள் வெட்டுப்படும். ஆகவே எடுக்கும்போதே இருபுறமும் மேலேயும் தாராளமாக இடம் விட்டுவையுங்கள். ரொம்பச் சாய்ந்த படத்தை முழுசாக நிமிர்த்தினால் வீடு தலை பெருத்துத் தெரியும். சற்றுச் சாய்வை மிச்சம் வைத்தால்தான் கண்ணுக்கு இயல்பாக இருக்கும்.

‘காலை, மாலை வெயிலில் எடுங்கள்’ என்கிறார்கள். ஆனால் நான் எடுக்க விரும்பும் வீட்டு முகப்பில் எப்போது போனாலும் வெயிலே இல்லை.

வீடு வடக்குப் பார்த்ததாக இருக்கும். காலை, மாலை என்பது பாதி விடைதான். சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதே மீதி. கிழக்குச் சுவருக்கு மாலை ஆறு மணிப் பொன்வெயிலால் ஒரு பயனும் இல்லை.

கடகரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரைதான் சூரியன் நேர்கிழக்குக்கு வடக்கே உதித்து நேர்மேற்குக்கு வடக்கே மறைகிறது. அந்த மாதங்களில் அதிகாலையிலும் அந்தியிலும் வடக்குச் சுவரைச் சற்று நேரம் வெயில் தொடும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் சூரியன் உச்சிவேளையிலேயே சில காலம் வடக்கே, சில காலம் தெற்கே நிற்கும். அங்கே வடக்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் தனித்தனிப் பருவம் உண்டு. மகரரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களில் வடக்கையும் தெற்கையும் மாற்றி, மாதங்களையும் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் கடைசி வரை என்று படித்துக்கொள்ளுங்கள். ஒரு திசைகாட்டியும், சூரியனின் பாதையைக் காட்டும் ஏதாவது ஒரு செயலியும் இருந்தால் போவதற்கு முன்பே இதையெல்லாம் பார்த்துவிடலாம்.

வெயில் விழும் கோணமும் முக்கியம். சுவருக்கு நேரெதிரே சூரியன் நின்றால் மண்பூச்சின் மேடுபள்ளம், கல்லின் உளித்தடம் எல்லாம் தட்டையாகிவிடும். வெயில் சுவரை உரசிக்கொண்டு போக வேண்டும். சுவரின் பரப்போடு 10 முதல் 20 டிகிரி என்றால் நன்று. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதால் அந்த நிலை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது அரிது. முன்கூட்டியே போய்க் காத்திருங்கள்.

வெயிலே கிடைக்காத முகப்பை மேகமூட்டமான நாளில் எடுங்கள். வெயில் நாளில் நிழல் சுவருக்கும் வானத்துக்கும் உள்ள ஒளி வித்தியாசத்தில் ஒன்று சுவர் கறுக்கும், அல்லது வானம் வெளுக்கும். மேகநாளில் வானம் வெறும் வெள்ளைத் தாளாக வரும் என்பதால் அதைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.

ஒரு கொசுறு: கேமராவால் எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது, பிரான்சின் சேன்-லூ-த-வாரென் கிராமத்தில் 1826 அல்லது 1827-ல் ஒளிப்பட முன்னோடி நியெப்ஸ் தன் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்த கூரைக் காட்சி. ஒளியைப் பதிக்கப் பல மணி நேரம் ஆனதால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் அதில் வெயில் விழுந்திருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

வெள்ளையடித்த சுவர் படத்தில் சாம்பலாக வருகிறது. திறந்த கதவுக்கு உள்ளே ஒரே இருட்டு.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகத்தான் கணக்கிடும். வெள்ளைச் சுவர் சட்டத்தை நிறைத்தால் எக்ஸ்போஷரை (பதியும் ஒளியின் அளவை) 1 முதல் 1⅓ ஸ்டாப் கூட்டுங்கள். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும். கருத்த கூரை நிறைந்தால் ⅔ ஸ்டாப் குறையுங்கள். பின்திரையில் பார்க்கும் பிரகாசத்தை நம்பாதீர்கள், வெயிலில் அது ஏமாற்றும். இருளிலிருந்து வெளிச்சம் வரை படத்தின் ஒளியைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது விளிம்பில் முட்டாமல் அதன் அருகே நிற்கட்டும்.

கதவுக்கு உள்ளேயும் தெரிய வேண்டுமானால் முக்காலியில் வைத்து, 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணையுங்கள். மூன்றிலும் ஷட்டர் வேகம் மட்டும் மாற வேண்டும். அபெர்ச்சரை (லென்ஸின் துளையை) மாற்றினால் தெளிவின் ஆழமும், அதாவது எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை தெளிவாக வரும் என்பதும் மாறிவிடும். காற்றில் ஆடும் கிளை சட்டத்தில் இருந்தால் இணைப்பில் பேய் உருவம்போலத் தேய்ந்து வரும். உள்ளே இருட்டு இருக்கட்டும் என்று விடுவதே பல சமயம் நல்ல படம் என்பது எங்கள் கட்சி.

ஊருக்குப் பின்னால் உள்ள மலை நேரில் பிரம்மாண்டம். படத்தில் மேடுபோல இருக்கிறது.

நீங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நின்று வைட் லென்ஸில் எடுத்திருக்கிறீர்கள். வீடு 30 மீட்டரில், மலை 3 கிலோமீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். 90 மீட்டர் பின்னால் நடந்தால் வீடு நான்கில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். மலையோ நூற்றுக்கு மூன்று பங்குகூடக் குறையாது. இப்போது 24 மி.மீ.க்குப் பதிலாக 100 மி.மீ. லென்ஸைப் போடுங்கள். வீடு பழைய அளவுக்கே வந்துவிடும், மலை ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிதாகி அதன் பின்னால் எழுந்து நிற்கும். லென்ஸ் மலையை ‘இழுத்து’ வருவதாகச் சொல்வார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்தது நீங்கள் நடந்த நடை.

நீண்ட லென்ஸுக்கு எதிரி இடையில் இருக்கும் காற்று. நண்பகலில் வயல்மேல் எழும் கானல் அசைவு, முக்காலி இருந்தாலும் படத்தைக் கலக்கிவிடும். சூரியன் உதித்த முதல் மணி நேரமும், மழை ஓய்ந்த பிறகும் காற்று தெளிவாக இருக்கும். புகைமூட்டத்தை மென்பொருளில் நீக்கும் பொத்தானை அளவோடு தொடுங்கள். மூட்டத்தோடு சேர்த்து இரைச்சல் புள்ளிகளையும் தூக்கிக் காட்டும்.

முன்னால் கல், பின்னால் வீடுகள். இரண்டும் தெளிவாக வர எஃப் 22 வைக்கலாமா?

வேண்டாம். எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறுக்கும். துளை மிகச் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதுமே மங்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ., எஃப் 8 வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். 35 மி.மீ.க்கு ஃபோகஸ் 5 மீட்டரில், தெளிவு 2.6 மீட்டரிலிருந்து. பெரிதாக அச்சிடப்போகிறீர்கள் என்றால் எஃப் 11.

என்னிடம் மொபைல் மட்டும்தான்.

போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் பிசுக்குதான் பாதி மங்கலுக்குக் காரணம். 0.5 என்று காட்டும் அகல லென்ஸைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தினால் ஓரத்துச் சுவர்கள் இழுபட்டு வரும். 1 அல்லது 2-ல் வைத்துப் பின்னால் நகருங்கள். கட்டக்கோடுகளை இயக்கி, சுவரின் விளிம்பைக் கோட்டோடு பொருத்துங்கள். பிரகாசமான பகுதியில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, ஒளியைச் சற்றுக் கீழே இழுங்கள்.

ஊரில் உள்ள பழைய கட்டடங்களை ஆவணமாக்க விரும்புகிறோம். அழகான படங்கள் போதுமா?

போதாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நான்கு முகப்புகளும் நேரெதிரிலிருந்து, நான்கு மூலைகளும் 45 டிகிரியில், பிறகு கதவு, தூண், கூரைச் சட்டம், விரிசல் என்று நுணுக்கங்கள், கடைசியில் அக்கம்பக்கத்தோடு ஒரு படம். இந்த வரிசையை எந்தக் கட்டடத்துக்கும் மாற்றாதீர்கள். 10 செ.மீ.க்கு ஒருமுறை கறுப்பும் வெள்ளையும் அடித்த ஒரு மீட்டர் கோலைச் சுவரோடு நிறுத்தி ஒரு படம், அது இல்லாமல் ஒரு படம்.

முப்பரிமாண மாதிரி செய்யும் எண்ணம் இருந்தால் ஒரே இடத்தில் நின்று கேமராவைச் சுழற்றக் கூடாது. அது பனோரமாவுக்கான முறை. இதற்கு நீங்களே கட்டடத்தைச் சுற்றி நகர வேண்டும். அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். நடுவில் ஜூமைத் தொடவே கூடாது. தொட்டால் மென்பொருள் அளவுகளைக் குழப்பிக்கொள்ளும்.

அமெரிக்காவில் 1933-ல் தொடங்கிய வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பு, ஒளிப்படம், அளவெடுத்த வரைபடம், எழுத்துக் குறிப்பு மூன்றையும் சேர்த்தே வைக்கிறது. அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் அவை பார்வைக்கு இருக்கின்றன. பண்ணைக் கொட்டகைகள்கூட உண்டு. ஒரு கட்டடத்தை எத்தனை கோணத்தில் பார்த்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். உங்கள் குறிப்பில் தேதி, கேமரா பார்த்த திசை, கட்டடப் பொருள், வீட்டுக்காரர் அனுமதி இருக்கட்டும். கேமராவின் கடிகாரத்தைப் புறப்படும் முன் சரிபாருங்கள். மூன்று பிரதிகள் வைத்து, அதில் ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள்.

மின்கம்பிகளை மென்பொருளில் அழிக்கலாமா?

சுவரில் மாட்டும் படத்துக்கு அழிக்கலாம், ஆவணப் படத்தில் கூடாது. செயற்கை நுண்ணறிவுக் கருவி, கம்பிக்குப் பின்னால் இருந்த ஓடுகளைத் தானாகக் கற்பனை செய்து நிரப்பும். வரிசை எண்ணிக்கையே மாறிப்போகலாம். அதற்கு முன் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். கம்பி உங்களுக்குப் பக்கத்தில், வீடு தூரத்தில் என்றால் அந்த இரண்டடியிலேயே அது கூரையை விட்டு விலகி, மரத்தின்மேல் விழுந்து மறைந்துவிடக்கூடும்.