எந்த ஆயர் ஈத்தாம்?

கேள்வி: வாட்சாப்ல கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு, டேவான் (மண்டபம்) இருக்கிற எடம் "ஆயர் ஈத்தாம்"னு மட்டும் போட்டிருக்காங்க, மாநிலத்தக் காணோம். பினாங்குதானேன்னு நான் இருக்கேன், வீட்டுக்காரர் ஜொகூரா இருக்கும்ங்கிறார். ஒரே பேர எத்தனை ஊருக்குத்தான் வைப்பாங்க?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அக்கா, பெட்ரோல் ஊத்துறதுக்கு முன்னாடியே கேட்டீங்களே, புண்ணியம். மொதல்ல போஸ்ட்கோட் இருக்கான்னு பாருங்க. 11500ன்னா நம்ம பினாங்கு, கேக் லோக் சி கோயிலும் மலை ரயிலும் இருக்கிற அதே ஊரு. 06150ன்னா கெடா, ஜெர்லுன் பக்கம் வயல்காடு. 86100ன்னா வீட்டுக்காரர் ஜெயிச்சிட்டார், ஜொகூர் பத்து பகாட், உங்க வீட்டுலேருந்து 500 கிலோமீட்டருக்கு மேல, அதனால முந்தின நாளே கெளம்பிடுங்க. எதுவுமே போடலன்னா பொண்ணு வீட்டுக்கு ஒரு போன் அடிச்சிடுங்க, ஜிபிஎஸ்ஸ நம்பி ஏமாறாதீங்க.

ஏன் இத்தனைன்னா, யாரும் யாரையும் பாத்து காப்பி அடிக்கல. அந்தக் காலத்துல கம்பத்துக்காரங்க (கிராமத்து ஆளுங்க) ஆத்தப் பாத்துதான் ஊருக்குப் பேரு வச்சாங்க. சதுப்புக் காட்டுல இலை தழை ஊறி ஊறி சாயம் எறங்குனா தண்ணி கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) கணக்கா கருத்துடும், கைல அள்ளிப் பாத்தா வெறும் பழுப்புதான், அழுக்கெல்லாம் இல்ல. மலாய்ல ஆயர்னா தண்ணி, ஹீத்தாம்னா கருப்பு, அப்படி ஆறு இருந்த எடமெல்லாம் ஆயர் ஹீத்தாம் ஆயிடுச்சு. பினாங்குல மட்டும் பேச்சுல "ஹ" போய் "ஈத்தாம்"னு எழுத ஆரம்பிச்சாங்க, ஆனா தமிழ்ல அச்சடிக்கிறவங்க எல்லாத்தையும் ஒன்னாதான் அடிக்கிறாங்க, அதான் வம்பே.

ஊரு மட்டும் இல்ல, சிலாங்கூர் பூச்சோங்ல இதே பேர்ல ஒரு காடே இருக்கு. 1906ல காப்புக்காடுன்னு அறிவிச்சப்ப பெருசா இருந்தது, சுத்தி தாமானா (குடியிருப்பா) வந்து இப்ப 1,200 ஹெக்டர் சொச்சம்தான் மிச்சம், 1996லேருந்து புத்ரா பல்கலைக்கழகம் பாத்துக்குது. ஜொகூர் ஊருக்கு வேற கதை, 1994ல வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுசா தெறக்குற வரைக்கும் சிங்கப்பூர் போற பஸ்ஸுங்க அங்கதான் நிக்கும், பூந்தொட்டி வாங்காம யாரும் ஏறுனதில்ல.

கேள்வி: பினாங்குல ஒரு ஊருக்கு புலாவ் தீக்குஸ்னு பேரு, மலாய்ல புலாவ்னா தீவாச்சே, தீவு எங்க?
- வாசகர், செந்தூல்

பதில்: இருக்குங்க, தஞ்சோங் பூங்கா கடல்ல தெரியுதே பாறைத் திட்டு, அதுதான். பக்கத்துல இருந்த ஊரு அந்தப் பேர எடுத்துக்கிச்சு. டாக்சில ஏறி புலாவ் தீக்குஸ்னா ஊருக்குள்ள பாசார் (சந்தை) வாசல்ல எறக்கி விடுவாங்க, திட்டுக்குப் போக படகுதான் வேணும்.