சென்னை–டொராண்டோ: தூரம் கிடக்கட்டும், டிக்கெட்டைப் பாருங்கள்

தம்பி, கனடாவுக்குப் படிக்க வரும் நீங்கள், சென்னையிலிருந்து டொராண்டோ எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், வழியில் மாறும் இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்த்தூரம் சுமார் 13,400 கி.மீ. நேர் விமானம் கிடையாது. பிராங்பர்ட் வழி என்றால் முதலில் பத்து மணி நேரம், அப்புறம் எட்டரை. துபாய் வழி என்றால் நாலு, அப்புறம் பதினாலு. காத்திருப்பையும் சேர்த்து 22 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் குறையும்.

தனித்தனி டிக்கெட் மட்டும் வேண்டவே வேண்டாம். நடுவழியில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டி வரும். அதற்கு அந்த நாட்டு இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வரவேண்டும். விசா இல்லையென்றால் சென்னை கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பணம் போனது போனதுதான். அமெரிக்கா வழியாக வந்தால் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் விசா வேண்டும். இங்கே கனடாவில் செட்டிலான சொந்தக்காரர்கள் "அதெல்லாம் ஒன்றும் கேட்கமாட்டான், வா" என்பார்கள். அவர்கள் கையில் இருப்பது கனடா பாஸ்போர்ட். உங்களிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். அவர்கள் பேச்சை நம்பிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இணைப்பு விமானத்துக்கு இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். பிராங்பர்ட்டில் திரும்பவும் செக்யூரிட்டி உண்டு. கைப்பையில் ஊறுகாய் பாட்டில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

தேதியில் பலர் ஏமாறுகிறார்கள். செப்டம்பர் 1, அதிகாலை 2 மணி என்று டிக்கெட்டில் இருந்தால், ஆகஸ்ட் 31 ராத்திரி பத்து மணிக்கே மீனம்பாக்கத்தில் நிற்கவேண்டும். செப்டம்பரில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் (நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து பத்தரை). 22 மணி நேரம் பறந்து வந்தாலும், இங்கே அதே செப்டம்பர் 1, மதியம் இரண்டரைதான். வாடகை வீட்டுக்காரரிடம் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

ஜாக்கெட், பாத்திரம் எல்லாம் இங்கேயே கிடைக்கும், விடுங்கள்.

கனடாவில் முதலில் எங்கே தரையிறங்குகிறீர்களோ அங்கேதான் இமிக்ரேஷன். மாண்ட்ரியல் வழியாக வந்தால் அங்கேயே முடித்துவிட்டுத்தான் டொராண்டோ விமானம் ஏற முடியும். ஆகஸ்ட் கடைசியில் மாணவர் கூட்டத்தால் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். விசா ஆபீஸ் அனுப்பிய கடிதம், கல்லூரி அட்மிஷன் லெட்டர், பணம் இருப்பதற்கான ஆதாரம் மூன்றும் காகிதமாகக் கைப்பையில் இருக்கட்டும். ஸ்டடி பர்மிட்டை (கனடாவில் படிப்பதற்கான அனுமதித் தாள்) அங்கே அச்சடித்துத் தருவார்கள். வாங்கிய உடனே நகராதீர்கள். பெயர், பிறந்த தேதி, முடியும் தேதி, வேலை செய்யலாம் என்ற வரி, நான்கையும் படியுங்கள். அந்த வரி விட்டுப்போயிருந்தால் சின் நம்பர் (இங்கே வேலை செய்யத் தேவையான அரசாங்க எண்) கிடைக்காது, பகுதிநேர வேலைக்கும் சேர முடியாது. கவுண்டரிலேயே கேட்டால் அப்போதே திருத்திவிடுவார்கள். வெளியே வந்துவிட்டால் விண்ணப்பம் போட்டுக் காத்துக்கிடக்கவேண்டும்.