மீன் தொட்டிக்கு ஒரு மருந்துப் பெட்டி: எதை வைப்பது, எதைத் தவிர்ப்பது

கேள்வி: எங்கள் வீட்டு மூன்றடித் தொட்டியில் மோலி, நியான் டெட்ரா, கோரிடோராஸ் மீன்களை இரண்டு ஆண்டுகளாக வளர்த்து வருகிறோம். சென்ற மாதம் புதிதாக நான்கு மோலிகளை வாங்கி விட்ட ஒரு வாரத்தில் வெண்புள்ளி நோய் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவு என்பதால் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. மறுநாள் கடைக்காரர் கொடுத்த நீலம், பச்சை, மஞ்சள் புட்டிகள் மூன்றையும் ஊற்றியும் ஒன்பது மீன்கள் இறந்துவிட்டன. இனி இப்படி நேராமலிருக்க எந்தெந்த மருந்துகளை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்? (மதுரை வாசகி ஒருவர்)

பதில்: மருந்து ஓர் இரவு தாமதமானதால்தான் மீன்கள் இறந்தன என்று நீங்கள் வருந்துவது கடிதத்தில் தெரிகிறது. அந்த வருத்தம் தேவையில்லை. நம் கடைகளில் நீலப் புட்டி என்றால் பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ, பச்சை என்றால் மாலகைட் கிரீன், மஞ்சள் என்றால் அக்ரிஃபிளேவின் வகை. இம்மூன்றில் வெண்புள்ளிக்கு உருப்படியாக வேலை செய்யக்கூடியது பச்சை மட்டுமே. ஏற்கெனவே செவுள் புண்பட்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மீன்களுக்கு மற்ற இரண்டும் கூடுதல் சுமையாகியிருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும், ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் மெத்திலீன் ப்ளூ கொன்றிருக்கும். ஆகவே எத்தனை புட்டிகள் சேர்த்தோம் என்பதில் அல்ல, எந்தப் புட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லும் கருவிகள் இருக்கின்றனவா என்பதில்தான் ஒரு மருந்துப் பெட்டியின் பயன் இருக்கிறது. என் அலமாரியிலும் ஒரு காலத்தில் பதினான்கு புட்டிகள் இருந்தன. பல ஆண்டுகளில் நான் மறுபடியும் வாங்க நேர்ந்தவை நான்குதான்.

பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது அமோனியா, நைட்ரைட், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மை) ஆகிய மூன்றையும் அளக்கும் சொட்டு வகைச் சோதனைப் பொருள்கள். மீன் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுவது, துடுப்பை ஒடுக்கிக்கொள்வது, செவுள் சிவந்து தெரிவது ஆகியவை செவுள் ஒட்டுண்ணியாலும் வரும், அமோனியாவாலும் வரும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அமோனியாவின் கடுமையும் பி.எச். அளவைப் பொறுத்தது: 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஆறு சதவீதத்தைத் தாண்டிவிடும். போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் பி.எச். 8 என்பது அரிதல்ல. அமோனியா தெரிந்தால் எந்த மருந்தும் வேண்டாம். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடும் என்பதால், ஆண்டி குளோரின் என்று விற்கப்படும் சோடியம் தயோசல்ஃபேட் படிகங்களும் கையிருப்பில் இருக்க வேண்டும். 1 பங்கு குளோரினை முறிக்க இதில் சுமார் 7 பங்கு தேவை. சாதாரண அளவில் குளோரின் கலந்த 100 லிட்டர் நீருக்கு 1 கிராம் போதும்.

அடுத்தது கணக்கு. தொட்டியின் கொள்ளளவைத் தவறாக மதிப்பிட்டுச் சாகடித்த மீன்கள் நோயால் செத்தவற்றைவிடக் குறைவாக இருக்காது என்று நான் நினைப்பதுண்டு. 90 செ.மீ. நீளம், 38 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள தொட்டியைக் கடைக்காரர் 150 லிட்டர் என்பார். நீர் நிற்கும் உயரம் 40 செ.மீ. என்றால் அது 137 லிட்டர்தான். அடியில் கிடக்கும் சரளைக்கும் அலங்காரக் கற்களுக்கும் இடம் விட்டால் சுமார் 120 லிட்டர். 150 லிட்டருக்கான மருந்தை இதில் ஊற்றினால் கால் பங்கு அதிகமாகிறது. எனவே 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றையும், 1 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சுகளையும் வாங்குங்கள், தேக்கரண்டி அளவை நம்ப வேண்டாம். மெத்திலீன் ப்ளூ போல நிறமுள்ள, தூளாக வரும் சாய மருந்துகளை 100 மி.லி. நீரில் 1 கிராம் என்ற ஒரே விகிதத்தில் கரைத்து வைத்தால் கணக்கு மனத்தில் நிற்கும்: அதில் 1 மி.லி. எடுத்து 10 லிட்டரில் விட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம்.

மருந்துகளில் முதலிடம் சமையலறைக் கல் உப்புக்கு. அயோடின் கலந்த உப்பு மீனைக் கொன்றுவிடும் என்பது பரவலான பேச்சு. தூள் உப்பில் உள்ள அந்தச் சிறிய அளவால் கேடு இல்லை, ஆனாலும் கல் உப்பு மலிவு, கையில் இருக்கிறது. நைட்ரைட் ஏறிய தொட்டியில், செவுள் வழியே நைட்ரைட் உள்ளே நுழைவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கிறது. இதற்கு 10 லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் போதும். கோரிடோராஸும் இந்த அளவைத் தாங்கும். தோல் ஒட்டுண்ணிகளுக்கும் தொடக்க நிலைப் பூஞ்சைக்கும் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் தேவை. அதை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு நாளில் மூன்று நான்கு தவணையாகக் கரைத்து விட வேண்டும். உங்கள் வீட்டில்தான் சிக்கல்: மோலி இந்த உப்பை விரும்பி ஏற்கும், டெட்ரா சகிக்கும், கோரிடோராஸும் நீர்ச்செடிகளும் துன்பப்படும். உப்பு ஆவியாகாது என்பதையும் மறக்க வேண்டாம். வற்றிய நீருக்கு ஈடு செய்யும்போது வெறும் தண்ணீர் விடுங்கள், நீரை மாற்றும்போது மட்டும், வெளியே எடுத்த அளவுக்கு உரிய உப்பைச் சேருங்கள்.

வெண்புள்ளிக்கு மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் சேர்த்து ஆயத்தமாக விற்கும் புட்டி ஒன்று போதும். ஆனால் அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையை அறியாமல் இந்தப் புட்டியைத் திறப்பதில் பயனில்லை. உப்புத் தூள் தூவியது போல மீன்மேல் தெரியும் புள்ளி, தோலுக்கு அடியில் பத்திரமாக அமர்ந்திருக்கும் ஒட்டுண்ணி. மருந்து அதைத் தொடாது. அது முதிர்ந்து உதிர்ந்து, சரளையில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் ஓரிரு நாளில் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். நீந்தித் திரியும் அந்த இடைவெளியில் மட்டுமே மருந்து அவற்றைக் கொல்லும். நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், குளிர் நாடுகளில் பல வாரம் இழுக்கும். ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து, அதற்கு முன் கால் பங்கு நீர் மாற்றம், கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் நான்கைந்து நாள் தொடர்ச்சி என்று இரண்டு வாரம் பொறுமை வேண்டும். முதல் தவணைக்குப் பிறகும் புள்ளிகள் அப்படியே இருப்பதைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்த புட்டியைத் திறப்பதே வழக்கமான தவறு. டெட்ராவும் கோரிடோராஸும் மாலகைட் கிரீனுக்கு மிகவும் கூசும் மீன்கள் என்பதால் உங்கள் தொட்டிக்குப் புட்டியில் அச்சிட்ட அளவில் பாதியே சரி. மருந்து நாள்களில் ஃபில்டரிலுள்ள கரியை எடுத்துவிடுங்கள், இல்லையேல் கரி மருந்தைக் குடித்துவிடும்.

அந்த ஞாயிறு இரவில் மருந்து கையில் இருந்திருந்தாலும் தோலுக்கடியில் இருந்தவற்றை எதுவும் செய்திருக்க முடியாது. சரளையை உறிஞ்சிச் சுத்தம் செய்து நீரை மாற்றி, ஏர் பம்பைக் கூடுதலாக ஓடவிட்டு, ஹீட்டர் இருந்தால் வெப்பத்தைச் சில மணி நேரங்களில் மெல்ல 30 டிகிரிக்கு உயர்த்தியிருந்தால் அதுவே அன்றைக்கு ஏற்ற சிகிச்சை. வெப்பம் ஏறினால் நீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் காற்றுக்கல் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஆனால் வாயைச் சுற்றிப் பஞ்சு போல வெண்மையோ, முதுகில் சேணம் போட்டது போன்ற வெளிறிய பட்டையோ தெரிந்தால் வெப்பத்தை ஏற்றவே கூடாது. அது பூஞ்சை போலத் தோன்றும் காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா நோய், சூட்டில் ஒரே நாளில் கொல்லும்.

மெத்திலீன் ப்ளூவை மீன் முட்டைகளுக்கும் உண்மையான பூஞ்சைக்கும் மட்டும், அதுவும் தனித் தொட்டியில், லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்ற அளவில் பயன்படுத்துங்கள். இதற்காக 20 முதல் 30 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய ஒரு துண்டு பி.வி.சி. குழாய், தனி வலை ஆகியவற்றையும் மருந்துப் பெட்டியின் பகுதியாகவே கருதுகிறேன். வெண்புள்ளி வந்தபின் இத்தொட்டி உதவாது, ஏனெனில் ஒட்டுண்ணி பெரிய தொட்டி முழுவதும் பரவியிருக்கும். ஆனால் புதிய மீன்களை மூன்று நான்கு வாரம் இதில் வைத்திருந்தால் அந்த நான்கு மோலிகளோடு நோய் உள்ளே வந்தே இருக்காது.

மோலி, கப்பி போன்ற குட்டி போடும் மீன்களை வளர்ப்பவர்கள் குடற்புழு மருந்தை வைத்திருப்பது நல்லது. ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் போல நீட்டிக்கொண்டிருந்தால் அது கமலானஸ் புழு. அதற்கு லெவாமிசோல், லிட்டருக்கு 2 மில்லிகிராம், விளக்கை அணைத்து 24 மணி நேரம். பிறகு சரளையை உறிஞ்சி நீரை மாற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. செவுள் தட்டைப் புழுவுக்கு இது உதவாது, அதற்குப் பிரசிகுவாண்டல் வேண்டும், அதே அளவில். கால்நடை மருந்துக் கடைகளில் இவற்றுடன் வேறு மருந்துகள் கலந்தவையும் விற்கின்றன; தனி மருந்தாக உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

ஆன்டிபயாட்டிக் எதையும் முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டாம். அவை மருத்துவர் சீட்டின் பேரில் விற்கப்பட வேண்டியவை என்பது ஒரு காரணம். வீட்டில் மிச்சமிருக்கும் டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது வீண் என்பது இன்னொன்று: நம் கடின நீரிலுள்ள கால்சியத்தோடு அது பிணைந்து செயலிழந்துவிடும். வயிறு வீங்கிச் செதில்கள் பலாக்காய் முள் போல விறைத்து நின்றால் கால்நடை மருத்துவரிடமோ, நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள். மருந்தைத் தீவனத்தில் கலந்து தருவதே பெரும்பாலும் பயன் தரும், அதற்கு மீன் இன்னும் இரை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

காப்பர் சல்பேட், தனி ஃபார்மலின், வேப்பிலைச் சாறு ஆகிய மூன்றும் உங்கள் பெட்டிக்கு வேண்டாதவை. முதலாவது நத்தையையும் இறாலையும் அழிக்கும். இரண்டாவது புற்றுநோய் உண்டாக்கும் நச்சு, வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது அதைச் சேமிப்பது தேவையற்ற ஆபத்து. மூன்றாவது இயற்கை என்பதாலேயே பாதுகாப்பானதல்ல, அளவு மீறினால் மீனையே கொல்லும். நாட்டு வாதுமையின் சருகிலையைத் தாராளமாகப் போடலாம்; தண்ணீர் தேநீர் நிறமாகும், மீனுக்கு இதமாக இருக்கும், ஆனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாய மருந்துகள் வெளிச்சத்தில் கெடும்; பழுப்பு நிறப் புட்டியில், பூட்டிய பெட்டியில், அடுக்களைக்கு வெளியே வையுங்கள். மாலகைட் கிரீன் கலந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. உணவு இருக்கும் இடம் என்பது ஒருபுறம், குளிரில் ஃபார்மலின் வெண்படிவாக உறையும், அந்தப் படிவு மீனுக்குக் கொடிய நஞ்சு. ஒவ்வொரு புட்டியிலும் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். இந்த மருந்துகள் பட்ட தொட்டியில், சமையலுக்கென்று வளர்க்கும் விரால் போன்ற மீன்களை ஒருபோதும் விட வேண்டாம்.

கடைசியாகச் சொல்லத் தயங்கும் ஒன்று: பல்வலிக்கு வாங்கும் கிராம்பு எண்ணெய்ப் புட்டி. பிழைக்க வழியில்லாத மீனைக் கழிவறையில் போடுவதோ, உறைகுளிரில் வைப்பதோ கொடுமை. தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து மீனை அதில் விடுங்கள். லிட்டருக்கு 0.4 மி.லி. என்ற அளவில் எண்ணெயை எடுத்து, சிறிது வெதுவெதுப்பான நீருடன் மூடிய புட்டியில் பால்போல ஆகும் வரை குலுக்கி, அதைப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். மீன் சில நிமிடங்களில் உணர்விழக்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு தோட்டத்தில் புதையுங்கள். அந்தப் பாத்திரத்தை மறுபடியும் தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.