ஸ்பெஷலிஸ்ட் தேதி வரும் வரை: உங்கள் கேள்விகளும் ஒரு நர்ஸின் பதில்களும்

நான் நர்ஸ். நரம்பியல் வெளிநோயாளர் பிரிவில்தான் அதிக காலம் இருந்தேன். குடும்ப டாக்டர்கள் எழுதி அனுப்பும் கடிதங்களைப் படித்து, யாரை உடனே கூப்பிட வேண்டும், யார் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று மூத்த டாக்டருடன் உட்கார்ந்து பிரிப்பதும் என் வேலைதான். காத்திருக்கும் நாட்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். உங்களுக்கு என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. எப்போது பொறுக்கலாம், எப்போது பொறுக்கக் கூடாது என்பதைச் சொல்ல முடியும்.

கேள்வி: சிஸ்டர், ஒரு மாதமாகத் தசை துடிக்கிறது. ஒரு நாள் கெண்டைக்கால், மறுநாள் இமை, அப்புறம் தோள். வலி இல்லை. நெட்டில் தேடினால், தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல அழியும் ஏஎல்எஸ் நோய் என்று வருகிறது. நரம்பியல் டாக்டரைப் பார்க்க நான்கு மாதம் ஆகுமாம். தினமும் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று பார்க்கிறேன். தூக்கமே போய்விட்டது.

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதில் என் கண் முதலில் தேடியது ஒரே ஒரு விஷயத்தை: எங்காவது வலு குறைந்ததா? அதை நீங்கள் எழுதவில்லை. ஏஎல்எஸ் பெரும்பாலும் துடிப்போடு மட்டும் வந்து நிற்பதில்லை. சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காது, முன்பாதம் தரையில் தட்டும், பேச்சு குழறும், ஒரு கையின் தசை மட்டும் மெலியும். அந்த பலவீனம் ஓய்வெடுத்தாலும் திரும்பாது, வாரங்கள் போகப் போகக் கூடும். இடம் மாறி மாறித் துடிப்பது, வலு அப்படியே இருப்பது என்றால் அது பெரும்பாலும் தீங்கில்லாத துடிப்புதான். தூக்கக் குறைவு, காஃபின், கடுமையான உடற்பயிற்சி, மனப் பதற்றம் எல்லாமே அதைக் கூட்டும்.

ஆனாலும் நான்கு மாதம் இந்தப் பயத்தோடு நீங்கள் தனியாக இருக்க வேண்டியதில்லை. குடும்ப டாக்டரிடம் இந்த வாரமே போங்கள். கை கால் வலு, தசை மெலிவு, சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சை, இவற்றை அவரே பார்க்கலாம். தைராய்டு, கால்சியம், மக்னீசியம் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம். இவை சரியாக இருந்தாலே மனம் பாதி இறங்கும்.

நுனிக்காலில் நின்று பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். திரும்பத் திரும்பச் சோதித்தால் தசை களைத்துப்போகும். களைத்த தசை இன்னும் துடிக்கும், அதைப் பார்த்து நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள். கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் விட்டுவிடுங்கள். நீட்டிய நாக்கு எல்லோருக்கும் நடுங்கும்.

கேள்வி: தேதியை முன்னால் கொண்டுவர ஏதாவது வழி உண்டா? அடிக்கடி போன் செய்தால் எரிச்சல்படுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: இந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் தேதி, கடிதம் எழுதிய அன்று உங்கள் உடம்பு எப்படி இருந்ததோ அதை வைத்து முடிவானது. அதற்குப் பிறகு உடம்பு மாறியிருந்தால் அந்தக் கடிதம் பழசாகிவிட்டது. அங்கே இருப்பவர்களுக்கு அது தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். மரியாதைக்காகப் பேசாமல் இருந்து நோய் முற்றி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்தோம் என்பார்கள். எனக்கு மனசு ஆறாது.

"எப்போது கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டால், வரிசை நீளம் என்றுதான் பதில் வரும். "போன மாதம் படியேறினேன், இப்போது சுவரைப் பிடிக்காமல் முடியவில்லை. பரிந்துரைத்த டாக்டர் புதுக் கடிதம் தந்தால் மறுபடி பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். அப்போது உங்கள் கோப்பைத் திறந்து பார்க்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கிறது.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். "தலைவலி, தயவுசெய்து பார்க்கவும்" என்று ஒரே வரியில் வந்த கடிதங்கள் என் மேசையில் குவிந்திருக்கும். அதை எந்த அடுக்கில் வைப்பது? எப்போது தொடங்கியது, கூடுகிறதா, எந்த வேலை செய்ய முடியவில்லை, பரிசோதனையில் என்ன தெரிந்தது, என்ன மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், இவ்வளவும் இருந்தால் முடிவெடுப்பது எளிது. அப்புறம், யாராவது ரத்து செய்தால் அந்த இடத்துக்கு வரத் தயார் என்று பெயர் கொடுத்து வையுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் எடுங்கள். எடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

கேள்வி: நான்கு நாட்களுக்கு முன் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்துக்கொண்டது. இரைச்சல் மட்டும் கேட்கிறது. சளியாக இருக்கும் என்று விட்டேன். இஎன்டி தேதி மூன்று வாரம் கழித்து.

பதில்: மூன்று வாரம் வேண்டாம். இன்றே போங்கள். அடைப்புக்குக் காரணம் காது அழுக்காகவோ சளியாகவோ இருக்கலாம். அதை உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது உள்காது நரம்பின் கோளாறாகவும் இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. முதல் 2 வாரங்கள்தான் முக்கியம். போனில் "திடீரென்று ஒரு காது கேட்கவில்லை, நான்கு நாள் ஆகிறது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இடமில்லை என்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: விரல் மூட்டுகள் வீங்குகின்றன. காலையில் ஒரு மணி நேரம் கையை மடக்க முடியவில்லை. மூட்டு வாத டாக்டரிடம் போக இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை தெரிந்தவர் சொன்ன ஸ்டீராய்டு மாத்திரை போடலாமா?

பதில்: போடாதீர்கள் அக்கா. வலி குறையும், வீக்கமும் வடிந்துவிடும். டாக்டர் பார்க்கும் நாளில் கையில் ஒன்றும் தெரியாது. திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. வலிக்கு என்ன எடுக்கலாம் என்று குடும்ப டாக்டரிடம் கேளுங்கள். அதோடு, வீங்கிய நாளில் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்.

காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடிப்பதும், சிறு மூட்டுகள் வீங்குவதும் ருமட்டாய்டு வாதமாக இருக்கலாம். அதற்கு முதல் சில மாதங்களில் சிகிச்சை தொடங்கினால் மூட்டு கெடாமல் காக்க முடியும். அதனால் இரண்டு மாதத்தைச் சும்மா கழிக்க வேண்டாம். இஎஸ்ஆர், சிஆர்பி, ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனைகளைக் குடும்ப டாக்டர் இப்போதே எழுதித் தரலாம். முடிவு வந்ததும் அதைச் சேர்த்துப் புதுக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. ஸ்கேன் தேதி இரண்டு வாரம் கழித்து. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

பதில்: மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. அதே சமயம், பார்க்காமல் விடக்கூடிய கட்டி என்று ஒன்றும் இல்லை. கையால் பரிசோதனை, மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். முதல் நாளே ஊசி வைத்தால் அதற்காக மிரள வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தினமும் கட்டியை அழுத்திப் பார்க்க வேண்டாம். புண்ணாகி வலிக்கும், வலித்தால் பயம் கூடும். தோல் உள்வாங்கினாலோ, சிவந்து தடித்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் கட்டி தெரிந்தாலோ உடனே போன் செய்து தேதியை முன்னே கேளுங்கள்.

சத்தியத்தைப் பற்றி. அம்மாவின் உடம்பு, யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் மீற வேண்டாம். ஆனால் "எனக்கும் ஒருத்தரிடம் பேச வேண்டும் அம்மா, யாரிடம் பேசலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அநேகமாக ஒரு பெயர் சொல்வார். அவருக்கும் அந்த ஒருவர் தேவைப்பட்டிருக்கும்.

கேள்வி: முதுகு எம்ஆர்ஐ ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. டிஸ்க் பிதுக்கம், தேய்மானம் என்று இருக்கிறது. டாக்டரைப் பார்க்க ஆறு வாரம். எனக்கு வயது 38. நடக்கவே பயமாக இருக்கிறது.

பதில்: டாக்டருக்கு முன் ரிப்போர்ட் வந்து சேர்வது இப்போது பலருக்கு நடக்கிறது. ஒரு தகவல் சொல்கிறேன். முதுகு வலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம். வலி இல்லாதவர்களுக்கே இப்படி. உங்கள் வலிக்கும் அந்தப் பிதுக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை, உங்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும்.

நடங்கள். படுத்தே கிடப்பதுதான் முதுகை இன்னும் இறுக்கும். ஆனால் இரண்டு தொடைகளுக்கு நடுவே, உட்காரும்போது தரையில் படும் இடத்தில், மரத்துப் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, மலம் அறியாமல் போனாலோ, கால் வலு வேகமாகக் குறைந்தாலோ நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுநாள் காலை வரை பொறுக்கக் கூடாது.

கேள்வி: இது போல உடனே ஓட வேண்டியவை வேறு என்னென்ன?

பதில்: எல்லாவற்றையும் எழுத முடியாது, தவறவே கூடாதவற்றைச் சொல்கிறேன். முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது: பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை நினைவில் வையுங்கள். சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, பார்வை மங்கினால் அன்றே, ஏனென்றால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். கண்ணில் மின்னல் வெட்டி, புதிய கரும்புள்ளிகள் மிதந்து, ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தாலும் அன்றே. ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சு வாங்குவது. நெஞ்சு வலி. உடற்பயிற்சி செய்யும்போது மயங்கி விழுவது. கறுத்து, பிசுபிசுப்பாகப் போகும் மலம்.

கேள்வி: படபடப்பு வரும்போது டாக்டர் இல்லை, டாக்டரிடம் போனால் படபடப்பு இல்லை. இசிஜி எப்போதும் நார்மல்.

பதில்: வரும் நேரத்தில் பக்கத்தில் இருக்கும் கிளினிக்கில் இசிஜி எடுக்க முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, சீராக இருக்கிறதா, திடீரென்று தொடங்கி திடீரென்று நிற்கிறதா, இதைக் குறியுங்கள். தினமும் வந்தால் 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவி) போதும், எப்போதாவது வந்தால் நீண்ட நாள் பதிவு கேட்க வேண்டும். அதனால்தான் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்ற கணக்கு முக்கியம். மயக்கமும் சேர்ந்து வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்தாலோ, அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: டெஸ்டுக்கு முன் எந்த மருந்தை நிறுத்த வேண்டும்?

பதில்: ரத்த அழுத்தம், வலிப்பு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், ஸ்டீராய்டு, இவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. சில சாதாரண விஷயங்கள்தான் முடிவைக் குழப்பும். முடி, நகத்துக்குச் சாப்பிடும் பயோட்டின் தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டலாம், 2 நாளாவது முன்பே விட வேண்டும். அலர்ஜி மாத்திரை தோல் அலர்ஜி டெஸ்டைக் கெடுக்கும். வயிற்றுக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். டெஸ்ட் எழுதித் தருபவரிடம் சாப்பிடும் எல்லாவற்றையும், சத்து மாத்திரை உட்பட, காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: பகல் எப்படியோ போய்விடுகிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்து, போனை எடுத்துத் தேட ஆரம்பித்தால் விடிந்துவிடுகிறது.

பதில்: அந்த நேரத்தில் கிடைக்கும் பதில் எதுவும் உங்கள் தேதியை மாற்றாது. தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். படுக்கை அருகே ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். தோன்றும் பயத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுப் படுங்கள். மறுநாள் மாலை ஒரு இருபது நிமிடம் அதற்கென்று ஒதுக்கி அந்தத் தாளைப் பாருங்கள். சில வரிகள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மாறும், சிலவற்றை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

வீட்டில் உள்ளவர்களிடம் "ஒன்றும் இருக்காதில்ல?" என்று நாள் முழுக்கக் கேட்பதும் இதே ரகம். அவர்கள் "இருக்காது" என்பார்கள், பத்து நிமிடம் நிம்மதி, பிறகு மறுபடி. பதில் சொல்வதை விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உங்கள் கூட உட்காரச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் அதற்காகவே குடும்ப டாக்டரைப் பாருங்கள். பயமும் சிகிச்சை பெற வேண்டிய ஒன்றுதான். அதைச் சொன்னால் மற்ற அறிகுறிகளை மனப்பிரமை என்று தள்ளிவிடுவார்களோ என்று சிலர் மறைக்கிறார்கள். இரண்டையும் சொல்லுங்கள், எது முதலில் வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஒருவழியாக அடுத்த வாரம் தேதி. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோகும்.

பதில்: ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். மேலே மூன்று வரி: எப்போது தொடங்கியது, எப்படி மாறியது, இப்போது எதைச் செய்ய முடியவில்லை. கீழே மருந்துகள். கடைசியில் உங்களுக்கு மிகவும் பயமாக இருக்கும் ஒரு கேள்வி. அதை முதலிலேயே கேளுங்கள், எழுந்து வரும்போது கதவருகே நின்று கேட்காதீர்கள். மயக்கம், வலிப்பு, நடுக்கம் போன்றவை வந்தபோது வீட்டில் யாராவது வீடியோ எடுத்திருந்தால் அதைக் காட்டுங்கள், நரம்பியல் டாக்டர்களுக்கு அது அவ்வளவு உதவும். கூட ஒருவரை அழைத்துப் போய் அவரை எழுதச் சொல்லுங்கள். எழுந்திருக்கும் முன் மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: டெஸ்ட் முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள், அதற்குள் தகவல் வராவிட்டால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்.