வீட்டில் ஒரு வானிலை நிலையம் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் பல வருடங்களாக வீட்டில் மழையையும் வெயிலையும் அளந்து குறித்துவருவதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. கையைக் கடிக்காத விலையில் ஒரு வானிலை நிலையம் வாங்கலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஐந்து சென்சார், ஏழு சென்சார், வண்ணத்திரை, வைஃபை என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் வைத்திருக்கும் நிலையம் மதியத்தில் கைபேசிச் செயலி சொல்வதைவிட நான்கு டிகிரி அதிகமாகக் காட்டுகிறது. “மலிவு சாமான் அப்படித்தான் இருக்கும்” என்கிறார். மலிவான நிலையம் வீண்தானா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? வாங்கிய பிறகு அதை மேம்படுத்த முடியுமா?

அன்புடன்,
ம.

---

அன்புள்ள ம.,

வீண் இல்லை, தயங்காமல் வாங்குங்கள். ஆனால் முதலில் உங்கள் நண்பரின் அந்த நான்கு டிகிரியைப் பார்த்துவிடுவோம். நீங்கள் கேட்டதில் முக்கால்வாசிக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கு மலிவான நிலையத்திலும் வெப்பத்தை அளப்பது விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு. நல்ல காற்றோட்டத்தில் நிழலில் வைத்தால் அது பெரும்பாலும் அரை டிகிரி, மிஞ்சினால் ஒரு டிகிரிக்குள் சரியாகச் சொல்லிவிடும். நான்கு டிகிரி பிசகுவது அதன் குற்றம் இல்லை. வெயில் பட்டு அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு சுடுகிறது, கூட்டுக்குள் அடைபட்ட காற்றும் சுடுகிறது. சில்லு அந்தக் காற்றைத்தான் அளந்து சொல்கிறது. நமக்கு வேண்டிய வெளிக்காற்று உள்ளே வருவதே இல்லை.

கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களிலேயே இதற்கு வழி கண்டுவிட்டார். வெள்ளையடித்த மரப்பெட்டி, நாலு பக்கமும் சாய்வான சட்டங்கள். வெயில் நுழையாது, காற்று நுழையும். இப்போது கடையில் வரும் நிலையங்களில் தொங்கும் வெள்ளைத் தட்டடுக்கு அந்தப் பெட்டியின் வாரிசுதான். மலிவானவற்றில் தட்டுகள் சிறியவை, நெருக்கமானவை, காற்று புக இடம் போதாது. காற்றே வீசாத வெயில் நாளில் அது அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

என் முதல் நிலையத்தில் இதை நான் கண்டுபிடித்தது ஒரு வரைபடத்திலிருந்து. தெளிவான வெயில் நாட்களில் சரியாக 3:40 மணிக்குக் கோடு செங்குத்தாக இறங்கும். கால் மணி நேரத்தில் மூன்று டிகிரி. மேகமூட்டமான நாட்களில் அந்த இறக்கமே இல்லை. ஒருநாள் அந்த நேரத்துக்கு வெளியே போய் நின்றேன். பக்கத்துச் சுவரின் நிழல் மெல்ல நகர்ந்துவந்து தட்டடுக்கின் மீது ஏறிக்கொண்டிருந்தது. காற்றின் வெப்பம் கால் மணியில் அப்படிக் குறைந்திருக்க முடியாது. அதுவரை நான் குறித்துவைத்த மதிய வெப்பநிலைகள் எல்லாமே அந்தக் கூட்டின் வெப்பநிலை.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் செய்வது. நிலையத்தின் அமைப்பில் ‘திருத்தம்’ என்று ஒரு இடம் இருக்கும். அதில் மூன்று டிகிரியைக் கழிக்கச் சொல்லிவிட்டேன். மதியம் சரியாகிவிட்டது. ஆனால் இரவில் கூடு சுடுவதில்லை, அங்கே கழிக்க ஒன்றுமே இல்லை. ஒரு மாதத்துக்கான குறைந்தபட்ச வெப்பநிலை முழுவதும் மூன்று டிகிரி கீழே போய்விட்டது.

ஆக, சில்லின் பிழை வேறு, இடத்தின் பிழை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மேகம் மூடி, காற்றும் நன்றாக அடிக்கிற ஓர் இரவில், நம்பகமான இன்னொரு வெப்பமானியை நிலையத்தின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். அப்போது வெயிலும் இல்லை, தேங்கிய காற்றும் இல்லை. இரண்டுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வந்தால் அது சில்லின் பிழை. அதை மட்டும் திருத்தத்தில் போடுங்கள். இரவில் ஒத்துப்போய், காற்றில்லாத மதிய வெயிலில் மட்டும் பிரிந்தால் அது கூட்டின் பிழை, அல்லது கூட்டை நிறுத்திய இடத்தின் பிழை. அதை எண்ணால் சரிசெய்ய முடியாது, கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

சரி, வாங்குவதற்கு வருவோம்.

உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி வெப்பமானி தரையிலிருந்து 1.25 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடையில், முடிந்தால் புல்தரைக்கு மேல் இருக்க வேண்டும். காற்றுவேகமானி 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் நிற்க வேண்டும். மழைமானி தாழ்வாக இருக்க வேண்டும். மேலே போகப்போக காற்று வேகமாகி, துளிகளை வாய்க்குள் விழவிடாமல் தள்ளிக்கொண்டு போய்விடும். மூன்றுக்கும் மூன்று இடம். இப்போது கடையில் அதிகம் விற்கும் நிலையத்தைப் பாருங்கள், ஒரே கம்பத்தில் ஒரே உடலாக எல்லாம் ஒட்டியிருக்கும். உயர்த்தினால் மழையும் வெப்பமும் கெடும், தாழ்த்தினால் காற்று கெடும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது சென்சார்கள் தனித்தனியாகப் பிரிகின்றனவா என்பதைத்தான். டேவிஸ் வேன்டேஜ் புரோ 2 போன்றவற்றில் காற்றுவேகமானியை மட்டும் பிரித்து உயரத்தில் வைக்கலாம், ஆனால் விலை அதிகம். ஈகோவிட் போன்ற வரிசைகளில் ஒரு சின்ன மையக் கருவியை வாங்கிக்கொண்டு, மழைக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று என்று கைக்கு வசதிப்படும்போது சேர்த்துக்கொண்டே போகலாம். குறைந்த செலவில் தொடங்க அதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒரே தொழிற்சாலைப் பெட்டி பல பெயர்களில் வருவது இந்தத் துறையில் சகஜம். வண்ணத்திரைக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, தரவு உங்கள் கையில் தங்குமா என்று பாருங்கள். நிறுவனத்தின் சர்வருக்கு மட்டும் அனுப்பும் கருவி என்றால், சர்வர் மூடுகிற அன்று உங்கள் பத்து வருட மழையும் போய்விடும். வீவெக்ஸ் (WeeWX) என்ற இலவச மென்பொருள் ஒரு சிறிய கணினியில் ஓடி எல்லாவற்றையும் உங்கள் வீட்டிலேயே சேமிக்கும். அது எந்த நிலையங்களோடு பேசும் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மேம்படுத்துவது என்றால் முதலில் கைவைக்க வேண்டியது கூட்டில். வெப்பச் சென்சாரை மற்றவற்றிலிருந்து பிரித்து, பெரிய தட்டடுக்கு ஒன்றுக்குள் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை வெட்டி, நீண்ட திருகாணிகளில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்கினால் அதுவே கூடு. மேல் இரண்டு தட்டில் மட்டும் ஓட்டை போடாதீர்கள். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் கணினியில் சுழலும் சின்ன மின்விசிறி ஒன்றைப் பொருத்துங்கள். விசிறி சென்சாருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்க வேண்டும். முன்னால் நின்று ஊதினால் அதன் மோட்டார் சூடும் சேர்ந்து வந்துவிடும். நான் விசிறி வைத்த மறுநாளே அந்த 3:40 மணி இறக்கம் வரைபடத்தில் தேடினால்தான் தெரிகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுவரையும் சிமெண்டுத் தரையையும் விட்டு எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

மழைமானி எனக்கு மிகப் பிரியமானது. உள்ளே சீசா பலகை போல இரட்டைக் குழியுள்ள ஒரு சின்ன வாளி. ஒரு குழி நிரம்பினால் சாய்ந்து கொட்டும், மறு குழி நிரம்பத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வும் 0.2 மி.மீ. அல்லது அதையொட்டிய ஓர் அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் அது 1 மி.மீ. மழை, அவ்வளவுதான் கணக்கு. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மழைமானியின் வாய் 20 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. அதில் 314 மில்லி தண்ணீர் ஊற்றினால் நிலையம் 10 மி.மீ. காட்ட வேண்டும். வாய் சிறியதென்றால் அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஊற்றக் கூடாது. பாட்டிலின் அடியில் ஊசியால் துளையிட்டு ஒரு மணி நேரம் சொட்டவிடுங்கள். வாளி சாயும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று கேட்கும், கூடவே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மூன்று முறை செய்து சராசரி எடுத்து, அந்த விகிதத்தைத் திருத்தத்தில் போடுங்கள். அதற்கு முன் ரசமட்டம் வைத்து மழைமானி மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லேசாகச் சாய்ந்திருந்தாலும் இரண்டு குழிகளும் ஒரே அளவில் நிரம்பாது.

அடைமழையில் இந்த வாளி குறைத்துத்தான் காட்டும். அது சாய்கிற நொடியிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது, அந்தத் தண்ணீர் கணக்கில் வருவதில்லை. அதனால் பக்கத்தில் கோடு போட்ட சாதாரண மழைமானி ஒன்றை வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். ஒருமுறை வெளியே கொட்டித் தீர்க்கிறது, திரையில் பூஜ்யம். போய்த் திறந்தால் வாளிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. வலை அத்தனை மெல்லியது, வாளியை அசையவிடாமல் பிடித்திருந்தது. அன்றைய மழையை எனக்குச் சொன்னது அந்தச் சாதாரண மானிதான்.

காற்றழுத்தம் எளிது. அந்தச் சென்சார் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். கடல்மட்டத்தையொட்டிய உயரங்களில் ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும், ஆகவே உங்கள் வீட்டின் உயரத்தைச் சரியாகக் கொடுத்தால் போதும். அப்புறம் ஒரு அமைதியான நாளில் அருகிலுள்ள விமான நிலைய அறிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஈரப்பதத்துக்கு உப்புச் சோதனை இருக்கிறது: உப்பை ஈரமணல் பதத்தில் நனைத்து, சென்சாரோடு ஒரு ஜாடியில் இறுக மூடி ஓர் இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். இந்தச் சென்சார்கள் வருடக்கணக்கில் மெல்லப் பிசகும், வருடம் ஒருமுறை சோதியுங்கள்.

காற்றைப் பற்றி உங்களுக்கு ஏமாற்றமான பதில்தான் தர முடியும். மரமோ கட்டடமோ 6 மீட்டர் உயரம் இருந்தால், காற்றுவேகமானி அதிலிருந்து 60 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். சாதாரண வீடுகளில் அது நடக்காது. பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை மட்டும் தகவல் அனுப்பும் கருவிகள் திடீர் வீச்சுகளைத் தவறவிடவும் கூடும். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காற்றுக்காக அதிகம் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தைக் கூட்டுக்கும் விசிறிக்கும் வையுங்கள்.

உங்கள் நண்பரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். ஒரு வெயில் நாள், ஒரு மேகமூட்டமான நாள், இரண்டு நாட்களின் வெப்ப வரைபடத்தையும் அவர் எனக்கு அனுப்பட்டும். கூட்டின் மீது வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது, நிழல் எத்தனை மணிக்கு வருகிறது என்றும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அவருடைய நிலையம் மலிவானதுதானா, இல்லை நிற்கும் இடம்தான் தப்பா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

அன்புடன்.