ஒரே அடுக்கில் இரண்டு வயது: எது தவறு?

கேள்வி: வங்காள விரிகுடாவில் 2,600 மீட்டர் ஆழத்தில் எடுத்த வண்டல் ‘கோர்’ (குழாயை இறக்கி எடுத்த மண் உருளை) ஒன்றை வைத்து முனைவர் ஆய்வு செய்கிறேன். 142 செ.மீ. அடுக்கிலிருந்து இரண்டு மாதிரிகளை கார்பன்-14 வயதுக் கணிப்புக்கு அனுப்பினேன். கடல் மேற்பரப்பில் மிதந்து வாழும் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் நுண்ணுயிரிகளின் ஓடுகளுக்கு 15,100 ஆண்டு என்றும், கடலடியில் வாழ்பவற்றின் ஓடுகளுக்கு 16,750 ஆண்டு என்றும் வந்திருக்கிறது. ஆய்வகம் சொதப்பிவிட்டது என்கிறார் கைடு. மாதிரிகளை வாங்கி அனுப்பிய ஏஜெண்ட், பாதி விலைக்கு மறுபடி பார்த்துத் தருகிறேன் என்கிறார். செலவழித்த பணம் வீணா?

பதில்: வீணில்லை. அந்த 1,650 ஆண்டு வித்தியாசத்துக்காகத்தான் இந்த வேலையையே செய்கிறோம். ஏஜெண்டுக்கு இன்னொரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கடலின் மேல்நீர் காற்றைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதற்கு கார்பன்-14 வந்துகொண்டே இருக்கும். அதே நீர் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் வரத்து நின்றுவிடும். இருப்பது 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில் கரையும். அந்தப் பழைய நீரிலிருந்து கார்பனை எடுத்து ஓடு கட்டும் உயிரி, வாழும்போதே வயதானதாகத்தான் தெரியும். ஆக, ஒரே அடுக்கில் கிடக்கும் இரண்டு ஓடுகளின் வித்தியாசம், ஆழத்து நீர் காற்றைப் பார்த்து எவ்வளவு காலம் ஆனது என்பதைக் காட்டுகிறது. 1980களில் கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். கருவிகள் வந்து, சில மில்லிகிராம் ஓடே போதும் என்று ஆனதும், அமெரிக்கக் கடல் வேதியியலாளர் வாலஸ் புரோக்கரும் அவர் கூட்டாளிகளும் இப்படி ஜோடி ஜோடியாக அளந்துதான் பனியுகக் கடலின் சுழற்சியைத் தேடத் தொடங்கினார்கள்.

உங்கள் அடுக்கின் உண்மை வயது 17,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல் வரும். வட அட்லாண்டிக்கில் பனிமலைகள் உருகி, நன்னீர் கொட்டி, அங்கே நீர் கீழிறங்குவது தளர்ந்திருந்த காலம் அது. அப்போது வங்காள விரிகுடாவின் அடிநீர் இன்றைவிடப் பழையதாக இருந்திருந்தால் அது பெரிய செய்தி.

ஆனால் உடனே எழுதிவிடாதீர்கள். கடலடியில் புழுக்களும் நண்டு வகைகளும் மேல் 10 செ.மீ. மண்ணை ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கும். உங்கள் கோரில் ஆயிரம் ஆண்டுக்குச் சுமார் 8 செ.மீ. வண்டல் சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் கிளறப்படும் மண்ணிலேயே 1,200 ஆண்டு கலந்து கிடக்கிறது. மிதப்பவை 130 செ.மீ.யில் ஏராளமாகவும் 142-இல் அரிதாகவும் இருந்தால், மேலிருந்து இறங்கிய இளைய ஓடுகளைத்தான் நீங்கள் பொறுக்கியிருப்பீர்கள். அப்போது வித்தியாசம் வீங்கித் தெரியும். எனவே மேலும் கீழும் 20 செ.மீ. வரை இரண்டு வகைகளையும் எண்ணிப் பாருங்கள். கணிக்க வேண்டியது அந்தந்த வகை உச்சமாகக் கிடைக்கும் அடுக்கை.

அடுத்து, அந்த ஏஜெண்ட். 10 மில்லிகிராம் சேர வேண்டுமானால் 150 மைக்ரான் சல்லடையில் நின்றதை நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மிதப்பவை என்றால் பல நூறு ஓடுகள். கடலடி வகை அவ்வளவு எளிதில் கிடைக்காது, கழுத்து வலிக்க நாள்கணக்கில் உட்கார வேண்டும். இடைத்தரகர்கள் அதற்கெல்லாம் உட்கார மாட்டார்கள். எடை குறைந்தால் பக்கத்து அடுக்கிலிருந்து கொஞ்சம் சேர்ப்பார்கள், அதுவும் இல்லையென்றால் மொத்த மண்ணின் கரிமத்தைக் கணித்துவிடுவார்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் மலையிலிருந்து அரித்து வந்த பழைய கரிமம் அதில் இருக்கும், வயது எகிறிவிடும். ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்த அறிக்கையில் ஆய்வக எண்ணே இல்லை. வெறும் ‘திருத்திய வயது’ மட்டும் அச்சடித்திருந்தது. அந்தக் காகிதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆய்வக எண், திருத்தாத கார்பன்-14 வயது, பிழை அளவு ஆகிய மூன்றையும் கையில் வாங்குங்கள்.

இந்த ஆட்களுக்கு வழி திறந்துவிடுவது நம் கொள்முதல் முறைதான். மூன்று விலைப்புள்ளி, குறைந்த விலைக்கே ஆர்டர், மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு! ஓடு பொறுக்க ஆகும் நாள்களுக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. டெல்லியிலும் அகமதாபாத்திலும் ஏ.எம்.எஸ். கருவிகள் இருக்கின்றன. வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தாலும் நேரே அவர்களுக்கே எழுதுங்கள்.

கார்பன்-14 வயதை உண்மை வயதாகத் திருத்தும்போது ஒரு பொறி இருக்கிறது. மேல்நீருக்கும் தனி வயது உண்டு. அதன் உள்ளூர் வேறுபாட்டை டெல்டா-ஆர் என்கிறோம். பழைய கட்டுரையில் பார்த்த டெல்டா-ஆர் எண்ணைத் தூக்கி 2020-இல் வந்த மரைன்20 என்ற கடல் மாதிரிகளுக்கான திருத்த வளைவில் போடாதீர்கள். அந்த எண் வேறு வளைவுக்குக் கணக்கிட்டது, மறுபடி கணக்கிட வேண்டும். அரபிக்கடல் எண்ணையும் எடுக்கக் கூடாது. அங்கே அடிநீர் மேலே பொங்கி வருவதால் மேல்நீரின் வயது கூடுதல்.

இந்தப் பொறியில் சிக்காத ஒரு வழி, அதே அடுக்கில் இலையோ விதையோ கிடைப்பது. நிலத்துச் செடி காற்றிலிருந்தே நேராகக் கார்பனை எடுப்பதால் மேல்நீரின் வயதை ஊகிக்காமல் அளந்தே சொல்லலாம். ஆனால் இலை என்றால் இலைதான். மரத்துண்டு ஆகாது, நடுக்கட்டையின் கார்பன் மரம் சாயும்போதே சில நூறு ஆண்டு பழையதாக இருக்கலாம். ஆற்றங்கரை மண்ணில் புதைந்து கிடந்து பிறகு அடித்து வரப்பட்ட கட்டையாகவும் இருக்கலாம். மெல்லிய சுள்ளி பரவாயில்லை, பட்டை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. கரித்துண்டைத் தொடவே வேண்டாம். 2,600 மீட்டர் ஆழத்தில் இலை கிடைப்பது அரிது, இருந்தாலும் சல்லடையில் நிற்கும் கறுப்புத் துணுக்குகளைக் கொட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, கையில் இன்னும் எத்தனை கணிப்புக்குப் பணம் இருக்கிறது? இரண்டுக்குத்தான் என்றால் 142-ஐ மறுபடி அனுப்பாதீர்கள். கோரின் மேல் பகுதியில், கடைசி சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் வரும் ஓர் அடுக்கிலிருந்து ஒரு ஜோடி அனுப்புங்கள். அங்கே வித்தியாசம் ஆயிரம் ஆண்டு அளவில் வந்தால், அது இன்றைய ஆழ்நீருக்கு ஒத்துப்போகும். உங்கள் 1,650-ஐ தைரியமாகக் கைடின் மேஜையில் வைக்கலாம்.