அரிசோனா ஸ்டேட் ஐஸ் ஹாக்கி அணி என்.சி.எச்.சி. லீக்கில் தாக்குப்பிடிக்குமா?

அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணி 2024-25இல், அமெரிக்கக் கல்லூரி அணிகள் மோதும் என்.சி.எச்.சி. லீக்கில் சேர்ந்த கையோடு இரண்டாமிடம் பிடித்தது குருட்டு அதிர்ஷ்டமா, இனியும் இப்படி ஆடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிர்ஷ்டம் இல்லை. அதேசமயம், 2025-26 சீசனில் பட்டியலில் நாலைந்து படி இறங்கினால் உடனே "அணி சரிந்துவிட்டது" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நான் இந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டெம்பி நகரில் குடியிருப்பவன். அணியின் இப்போதைய சொந்த அரங்கமான முல்லெட் அரீனா கட்டப்படுவதற்கு முன்பிருந்தே இந்த அணியைப் பார்த்து வருகிறேன்.

லீக் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த இரண்டாமிடத்தின் மதிப்பு புரியும். டென்வர், நார்த் டகோட்டா, மினசோட்டா டுலூத், செயின்ட் கிளவுட் ஸ்டேட், வெஸ்டர்ன் மிச்சிகன், கொலராடோ காலேஜ், ஒமாஹா, ஒஹாயோவில் உள்ள மயாமி, இவற்றோடு ஒன்பதாவதாக அரிசோனா ஸ்டேட். 2016 முதல் 2025 வரை கல்லூரி அணிகளுக்கான தேசியக் கோப்பை ஒன்பது முறை வழங்கப்பட்டது. 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. அந்த ஒன்பதில் ஏழு கோப்பை இந்த ஒரே லீக்குக்குப் போயிருக்கிறது. டென்வர் மட்டும் 2017, 2022, 2024 என மூன்று. 2025இல் கோப்பையைத் தூக்கியது வெஸ்டர்ன் மிச்சிகன். அந்த சீசன் லீக்கில் அரிசோனாவுக்கு மேலே இருந்த ஒரே அணியும் அதுதான்.

இந்த இடத்துக்கு அரிசோனா வந்த பாதை நீண்டது. 2015 வரை இது மாணவர்களின் க்ளப் அணி. பயிற்சியாளர் கிரெக் பவர்ஸ் அதே க்ளப் அணியில் கோல் கீப்பராக ஆடியவர். 2014இல் க்ளப் அளவிலான தேசியப் பட்டத்தை வாங்கித் தந்தார். அதே ஆண்டு 3.2 கோடி டாலர் நன்கொடை வந்தது, அதன் பலத்தில் கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டமான முதல் டிவிஷனுக்கு அணி தாவியது. 2018-19 சீசனில் கோல் கீப்பர் ஜோயி டக்கோர்ட் சுவராக நின்றார். அந்த பலத்தில் முதல் முறையாகத் தேசியக் கோப்பைக்கான போட்டிக்குத் தகுதி பெற்று, க்வினிபியாக் பல்கலைக்கழகத்திடம் 2-1 என்று தோற்றது. கொரோனா சீசனில் பிக் டென் லீக்கின் அணிகளோடு முழுக்க முழுக்க வெளியூரிலேயே ஆடியது. சொந்த ரிங்கில் (பனித்தள அரங்கில்) ஒரு ஆட்டம்கூட இல்லை. அதைத் தாங்கிய அணியை லேசாக எடைபோட எனக்கு மனம் வராது.

அந்தக் காலத்தில் ஓஷன்சைட் என்ற சின்ன ரிங்கில்தான் ஆட்டம். சில நூறு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். நல்ல ஆட்டக்காரரை அழைத்து வந்து அதைக் காட்டி "இங்கே சேர்" என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். 2022 அக்டோபரில் முல்லெட் அரீனா திறந்தது. ஐயாயிரம் இருக்கைதான், ஆனால் பனித்தளத்தை ஒட்டிச் செங்குத்தாக ஏறும் இருக்கைகள். மாணவர் கூட்டம் மொத்தமும் ஒரு கோலுக்குப் பின்னால் நின்று கத்தும்போது எதிரணிப் பையன்கள் ஒருவருக்கொருவர் கூப்பிடுவதே காதில் விழாது. இங்கே ஆடிய ஜோஷ் டோன், 2024 மார்ச்சில் இதே கட்டடத்தில் வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் அப்போது இருந்த கயோட்டீஸ் அணிக்கு முதல் ஆட்டம் ஆடி இரண்டு கோல் போட்டார். இன்று சேர வரும் பையனிடம் பவர்ஸ் இதைச் சொன்னாலே போதும்.

அணி முன்னேறினாலும் முடிவில் அது தெரியாமல் போவது ஏன் என்பதற்கு வருகிறேன். 2023-24இல் எந்த லீக்கிலும் சேராத அணியாக அரிசோனா 24 வெற்றி, 8 தோல்வி, 6 டிரா. அப்படியும் தேசியப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. மொத்தம் 16 இடம். அதில் ஆறு, ஆறு லீக்குகளின் கோப்பையை வென்ற அணிகளுக்கு. மிச்சம் பத்து இடமும் தரவரிசைக் கணக்கில் போகும். வெற்றி எத்தனை என்பதோடு, யாரை வென்றோம் என்பதையும் அந்தக் கணக்கு பார்க்கும். என்.சி.எச்.சி.யில் சேர்ந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான் என்பது என் எண்ணம். வாராவாரம் பலமான எதிரணி கிடைக்கிறது.

சேர்ந்த பிறகு வேறொரு சிக்கல். லீக் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒன்பது அணிகளும் தங்களுக்குள்ளேயே மோதுகின்றன; ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியாக வேண்டும். லீக்கின் மொத்த மதிப்பு, லீக்குக்கு வெளியே உள்ள அணிகளோடு அக்டோபரில் ஆடும் ஆரம்ப வாரங்களிலேயே ஏறத்தாழ முடிவாகிவிடும். 2024-25இல் அரிசோனா அந்த இடத்தில்தான் சறுக்கியது. தோல்வியே காணாமல் வந்த டென்வரை நவம்பரில் ஒரே வார இறுதியில் இரண்டு முறை சாய்த்தது, லீக் கோப்பைக்கான காலிறுதியில் டுலூத்தை வென்றது, அரையிறுதியில் டென்வரிடம் தோற்றது. 21 வெற்றி. ஆனாலும் தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. அக்டோபரில் விட்ட புள்ளிகள் மார்ச்சில் வந்து கழுத்தைப் பிடித்தன. அன்று எனக்கு மனசு ரொம்பவே வலித்தது.

இனி என்ன? ஆர்டெம் ஷ்லெய்ன் போன்ற மூத்தவர்கள் கல்லூரி ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். கல்லூரி ஹாக்கியில் 23, 24 வயதுக்காரர்கள் நிறைந்த அணிக்கும் 18, 19 வயதுப் பையன்கள் அணிக்கும் உடல் பலத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பனித்தளத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் பக்குக்காக (ரப்பர் வட்டுக்காக) முட்டும்போது அது அப்பட்டமாகத் தெரியும். அதனால்தான் முதல் சில மாதம் அடி விழும் என்கிறேன். மறுபக்கம் கல்லன் பாட்டர் இருக்கிறார். 17 வயதில் இங்கே ஆடத் தொடங்கி, இளம் ஆட்டக்காரர்களை என்.எச்.எல். அணிகள் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 32ஆவதாகக் கால்கரி அணி தேர்ந்தெடுத்த பையன். அவர் வேகமெடுக்கும்போது எதிரணித் தடுப்பாட்டக்காரர் முன்கூட்டியே பின்வாங்குவதை நேரில் பார்க்க வேண்டும். கனடாவின் ஜூனியர் லீக் ஆட்டக்காரர்களுக்கும் 2025-26 முதல் கல்லூரிக் கதவு திறந்துவிட்டது. பெரிய பெயர்கள் பழைய பெருமையுள்ள கல்லூரிகளுக்கே போகும் என்றாலும், அங்கே இடம் கிடைக்காத நல்ல ஆட்டக்காரர்கள் டெம்பி பக்கம் திரும்புவார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பட்டியலை அல்ல. அக்டோபரில் வெளி அணிகளோடு எப்படி ஆடுகிறார்கள், வெள்ளிக்கிழமை தோற்ற அதே அணியைச் சனிக்கிழமை வெல்கிறார்களா, கோல் கீப்பர் யாரென்று கிறிஸ்துமஸுக்குள் முடிவாகிவிட்டதா, இந்த மூன்றும் போதும். லீக்கில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் மூன்று ஆட்டக் காலிறுதி முல்லெட்டில் நடக்கும், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் மூன்றில் இரண்டை யாராலும் சுலபமாக வெல்ல முடியாது. 2025-26இல் ஐந்தாமிடம் அல்லது ஆறாமிடம், அதற்கடுத்த இரண்டு சீசனுக்குள் தேசியப் போட்டி என்பது என் கணிப்பு.